விளக்கடி இருள்

மாலைக் கதிரவன் மறையும் வேளையில் மாத்தூரில் நின்று கிழக்கே நோக்கினால், இருள் என்று ஒன்று உலகில் உண்டா என்றே ஐயம் தோன்றும். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் விளக்குகள் ஆயிரமாய்ப் பூத்து நிற்கும். அதற்கும் அப்பால், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தலையில் செவ்விளக்கு ஏந்தி வானைத் தொடும். ஒளிக் கோட்டம்! வடசென்னைக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

அந்தக் கோட்டத்திலிருந்து நாள்தோறும் பேருந்தேறி, இராயபுரத்துப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லும் பணி நம்முடையது. அண்மையில் ஒரு நாள், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாணவனை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டோம். தலை குனிந்து நின்றான். மீண்டும் கேட்டோம்.

"லைட்டு போடல சார். சுவிட்சைத் தொட்டா ஷாக் அடிக்குது. ஆயா தொடாதேன்னுச்சு."

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் பேசின் பாலம் இருக்கிறது. சென்னை நகருக்கே முதன்முதல் மின்சாரம் வடித்துக் கொடுத்த இடம்! ஊருக்கு ஒளி ஈன்ற மண்ணில் ஒரு சிறுவன் விளக்கின் சுவிட்சைத் தொட அஞ்சுகிறான். இது எப்படி நேர்ந்தது? மின்சாரம் எவ்வழி வந்தது? யாருக்காக வந்தது? யாரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தது? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

மின்சாரம் வானத்திலிருந்து யாரும் அருளிய வரமன்று. 1831-ஆம் ஆண்டில், காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து ஆய்வு செய்து, அசைவைக் கொண்டு மின்னோட்டம் உண்டாக்கலாம் என்று காட்டினான் மைக்கேல் பாரடே. அவன் அரசகுமாரன் அல்லன், கொல்லன் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றபோது, கட்ட வந்த நூல்களைப் படித்துப் படித்தே அறிவியலாளன் ஆனவன். உழைப்பாளி வீட்டில் பிறந்த அறிவு அது. 1882-இல் நியூயார்க்கு நகரத்தில் எடிசன் மின்நிலையம் அமைத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒளி விற்றார். ஆம், விற்றார்! அறிவு பொதுவாகப் பிறந்தது. ஒளியோ விலைப்பொருளாக வந்து சேர்ந்தது.

சென்னைக்கு மின்சாரம் முதலில் வீட்டு விளக்காக வரவில்லை, வண்டியாக வந்தது. 1895 மே 7 அன்று இந்நகரில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின் டிராம் அதுதான். பின்னர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், சென்னை மின் வழங்கு கார்ப்பரேஷன் என்னும் தனியார் நிறுவனம் பேசின் பாலத்தில் நிலக்கரி எரித்து மின்சாரம் செய்தது. 1910-இல் நகரத் தெருக்களில் மின்விளக்குகள் எரியலாயின.

எந்தத் தெருக்கள்? எந்த வீடுகள்? கம்பி இழுக்கக் காசு வேண்டும். காசுள்ள இடம் நோக்கியே கம்பி ஓடும். துரைமார் மாளிகையில் மின்விசிறி சுழன்றது. வணிகர் மாடியில் கண்ணாடிக் குமிழ் சிரித்தது. கரி மூட்டையைத் துறைமுகத்தில் இறக்கிச் சுமந்தவன் குடிசையிலோ மண்ணெண்ணெய்ச் சிம்னி கண்ணைக் கரித்தது!

அந்த மண்ணெண்ணெய்க்கும் இக்கடற்கரையில் ஒரு கதை உண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் பற்றிக்கொண்டன. எளியோர் வீடுகளில் சொட்டுச் சொட்டாய்ச் சுடர வேண்டிய எண்ணெய் ஒரே இரவில் வானளாவ எரிந்தது. நகரமே அஞ்சி ஓடியது. "எம்டன்" என்பது பொல்லாத ஆளைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகவே நிலைத்தது. வல்லரசுகள் தம்முள் மோதிக்கொண்டபோது எரிந்தது ஏழையின் விளக்கெண்ணெய் என்பதை மட்டும் கதை சொல்வோர் மறந்துவிட்டனர்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மின்விளக்கு, தொழிலாளியின் வீட்டுக்கு வருமுன்னே அவன் வேலை செய்த ஆலைக்குள் புகுந்துவிட்டது. பம்பாய் நூலாலைகளில் மின்விளக்கு வந்ததும் பொழுது சாய்ந்தாலும் வேலை சாயவில்லை. நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஆட்களை நிறுத்தி வேலை வாங்கினர். அந்தக் கொடுமை பேரொலியாக எழுந்த பிறகே, 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நூலாலையில் 12 மணி நேரம் என்று எல்லை கட்டியது. ஒளி வந்தது, ஓய்வைப் பறிக்க! அவன் பிள்ளை படிக்க அது வரவில்லை.

இந்நிலையை மாற்றியது எது? மின்சாரம் தனியார் பண்டமாக இருந்த நிலை மாறி, மக்கள் சொத்து என்ற எண்ணம் வளர்ந்ததே மாற்றியது. 1927-இல் சென்னை மாகாண அரசு மின்துறை ஒன்றை அமைத்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா அருவி மின்சாரம் தந்தது. 1937-இல் மேட்டூர் தந்தது. 1947 ஆகஸ்டில் சென்னை மின் வழங்கு கார்ப்பரேஷனை அரசே எடுத்துக்கொண்டது. 1957 சூலை 1 அன்று மின்வாரியம் பிறந்தது. அதன் பின்னரே கம்பிகள் ஊர்களையும் சேரிகளையும் நாடிச் சென்றன. குடிசைக்கு ஒரு விளக்கு இலவசம் என்ற திட்டமும் வந்தது. பெட்டிக்கடையில் அரைப் படி மண்ணெண்ணெய்க்குக் கடன் சொல்லி நின்ற தாய்மார்க்கு, அந்த ஒற்றை விளக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

அந்தப் பெருவளர்ச்சியின் சுமையைத் தாங்கியது எந்த மண்? வடசென்னை மண்! 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் வரை வளர்ந்து, 2017 மார்ச்சு இறுதியில் ஓய்ந்தது. 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. பிறகு வல்லூர் நிலையம், 1500 மெகாவாட். பழைய பேசின் பாலத்திலும் 1996-இல் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் வந்தது. மின்சாரம் தென்னகமெங்கும் போயிற்று. சாம்பலோ எங்கும் போகவில்லை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து மீனவன் வலையைக் கனக்கச் செய்தது. ஒளி ஊருக்கு, சாம்பல் இவ்வூருக்கு!

"விளக்கின் அடியில் இருட்டு" என்பர் நம் முன்னோர். அந்த இருட்டைக் கண்ணால் காணவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். உரிமம் பெற்ற மின்பணியாளர் தோழர் ஒருவரும் உடன் வந்தார்.

பழம்பெரும் வீடு. தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒரு காலத்தில் ஒரு செல்வர் குடும்பம் வாழ்ந்த இல்லம். இன்று ஆறு குடித்தனம், ஒரே மீட்டர். செல்லரித்த மரப்பட்டைக்குள் ஓடிய பழைய ரப்பர் உறைக் கம்பி, தொட்டால் உதிர்ந்தது. பீங்கான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார் தோழர். மெல்லிய ஃப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். "அடிக்கடி போகுதுன்னு நான்தான் வச்சேன்" என்றார் ஒரு பெரியவர், பெருமையோடு. காவற்காரனை அனுப்பிவிட்டு, கதவு ஓயாமல் தட்டும் தொல்லை தீர்ந்தது என்று மகிழ்வதை ஒக்கும் இது!

நான்கு விளக்குக்காக ஓட்டிய கம்பி. இன்று அதில் குளிர்சாதனப் பெட்டி, மாவரைக்கும் இயந்திரம், ஆறு வீட்டு விசிறிகள். நிலத்தொடர்புக் கம்பி எங்கே? மூன்றாம் துளை இருந்தது. அதன் பின்னே ஏதுமில்லை. கடற்காற்றின் உப்பும் மழை ஈரமும் ஊறிய சுண்ணாம்புச் சுவரே மின்சாரம் கடத்தும் வழியாகிவிட்டது. குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரில் அந்தச் சுவிட்சுப் பலகை!

"இதே வீட்டுலே ரெண்டு வருசத்துக்கு முன்னே ஒரு பொண்ணு போயிட்டுது. அவ விதி" என்றார் ஆயா.

விதியா? தோழர்களே, எண்ணிப் பாருங்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று இழுப்பது ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். அந்தச் சிறு விளக்கை எரிக்கும் அளவே மனித நெஞ்சின் வழி ஓடினால் துடிப்பைக் குலைத்து உயிரை அணைக்கவல்லது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இமைக்கும் நேரத்தில் மின்னோட்டத்தை அறுத்துவிடும் கருவியைக் கடையில் வாங்கலாம். வயரிங்கை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும், மெக்கர் கொண்டு காப்புத்தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாதிருப்பதைச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள்ளன. ஆகவே அப்பெண்ணைக் கொன்றது தலைவிதி அன்று, மீறப்பட்ட மின்விதி!

விளக்கு எரிந்ததும் சுவிட்சை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கும்பிடும் கைக்குச் சுவிட்சின் பின்னே இருக்கும் கம்பி தெரிவதில்லை. வணங்கத் தெரிந்த நமக்கு வினவத் தெரியவில்லை.

ஆனால், குடியிருப்போரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. வீட்டுக்காரரைக் கேட்டபோது வந்த விடை: "இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்குச் செலவு?" பல்லாண்டுகளாக இடிக்கப் போகிறார், பல்லாண்டுகளாக வாடகை வாங்குகிறார்! ஒரே மீட்டர் என்பதால் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அவர் வைத்ததே கட்டணம். 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என அரசு அறிவித்த உதவி, தனி மீட்டர் இல்லாத ஆறு குடும்பத்தையும் எட்டவே இல்லை.

சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. தனி இணைப்புக்கு வீட்டுக்காரர் இசைவு தர மறுத்தால், குடியிருப்பதற்கான சான்றும் ஈட்டுறுதிப் பத்திரமும் தந்து விண்ணப்பிக்க, 2004-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு வழி வைத்துள்ளது. வாடகைக்காரரின் மின்சாரத்தை, நடை விளக்கையும் படிக்கட்டு விளக்கையும்கூட, வீட்டுக்காரர் துண்டிக்கலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். உரிமை ஏட்டில் இருக்கிறது. ஏட்டைத் திறந்து காட்டுவார் இல்லாததால், வீடு இருட்டில் இருக்கிறது.

ஆறு குடும்பமும் அன்று மாலையே பணம் சேர்த்தது. அடுத்த வாரம் நிலத்தொடர்புக் குழாய் புதைத்து, கசிவறியும் கருவியைப் பொருத்தினார் தோழர். விசையை மேலே தள்ளினார். டக்! விழுந்தது. மீண்டும் தள்ளினார். டக்! "கருவியே கெட்டுப்போச்சு" என்றார் பெரியவர். "இல்லீங்க ஐயா, இதுதான் உண்மையைச் சொல்லுது" என்றார் தோழர். ஒவ்வொரு கிளையாகப் பிரித்துச் சோதித்தார். கசிவு, அந்த ஈரச் சுவர்ப் பலகையிலேயே இருந்தது. அதைக் கழற்றி, உலர்ந்த சுவருக்கு மாற்றினார். சுண்ணாம்புக் காரையை வெட்டினால் பழஞ்சுவர் பொரிந்து உதிரும் என்பதால், சுவரின் மேற்புறமாகவே குழாய் ஓட்டிப் புதுக் கம்பி இழுத்தார். அறைக்கு ஒரு 9 வாட் விளக்கு. பழைய 60 வாட் குமிழுக்கு ஈடான ஒளி. நாளுக்கு ஐந்து மணி எரிந்தால், இரு மாதத்தில் 18 யூனிட் தின்ற இடத்தில் 2.7 யூனிட்!

இம்முறை விசை விழவில்லை. ஆயா ஒரு மரக்கரண்டியை எடுத்து வந்து, அதன் நுனியால் சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் அழுத்தினார். எரிந்தது!

ஒரு வீடு தேறிற்று. அத்தெருவில் இன்னும் எத்தனை வீடு! இராயபுரத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில், மண்ணடியில் எத்தனை தெரு! படிப்பகம் நடத்தும் இளைஞர்களே, மேடையில் ஒளியைப் பற்றிப் பேசியது போதும். ஞாயிறு ஒன்றை ஒதுக்குங்கள். தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு தெருவில் நுழையுங்கள். ஃப்யூஸ் கட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்தொடர்பு உண்டா என்று கேளுங்கள். தனி மீட்டருக்கு மனு எழுதிக் கொடுங்கள். கொல்லன் மகன் கண்டு தந்த ஒளி, கூலிக்காரன் மகனுக்கு அச்சமின்றிக் கிடைக்கட்டும்.

மறுநாள் அம்மாணவன் வீட்டுப்பாடம் கொண்டு வந்தான். கணக்கில் இரண்டு பிழை. திருத்திக் கொடுத்தோம். ஆனால், இருளைக் காரணம் காட்டும் தேவை அவனுக்கு இனி இல்லை.