ஒற்றும் ஓலையும்: வாலாஜா நவாபின் கடிதங்களை வாசித்தவர்கள்

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. பரிமேலழகர் முதல், கோபாலபுரத்தில் வாழ்ந்து குறளுக்கு உரை கண்ட கலைஞர் மு. கருணாநிதி வரை, பலரும் இந்த அதிகாரத்திற்குப் பொருள் கூறியிருக்கின்றனர். ஒற்றன் எவ்வேடம் பூண வேண்டும், எதற்கும் அஞ்சாதவனாய் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வள்ளுவர் சொல்கிறார். ஆனால் நம் கவனத்தை நிறுத்துபவை அவையல்ல. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒன்றுபட்டால் மட்டுமே அதை ஏற்க வேண்டும் என்று அவர் விதிக்கிறார். வேவு பார்ப்பதைக் காட்டிலும் வேவுச் செய்தியை எடைபோடுவதே அரிது என்பது இதன் உட்கிடை.

அந்தக் கோபாலபுரத்திலிருந்து இராயப்பேட்டை வழியாக நடந்தே அமீர் மஹாலை அடைந்துவிடலாம். ஆற்காட்டு இளவரசரின் இல்லமாக இன்று விளங்கும் மாளிகை அது. அக்குடும்பத்தின் முன்னோர் கர்நாடகப் பகுதியின் ஆட்சியை 1801ஆம் ஆண்டில் இழந்தனர். போர்க்களத்தில் அல்ல, பகைவரின் அரண்மனையில் கண்டெடுத்த ஒரு கட்டுக் காகிதங்களை மூன்றாமவர் வாசித்த விதத்தால் இழந்தனர். உளவு பற்றிய நூல்களில் போர்முனை வீரச் செயல்களுக்குக் கிடைக்கும் இடம் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அதையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

அதற்கு முன், நம் மரபு இப்பொருளை எவ்வாறு கையாண்டது என்பதைச் சற்று நோக்குவோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு கட்டளையிடுகிறது. அதே அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் பிறர் குறைகளைத் துருவித் தேடுவதைத் தடுக்கிறது. அங்கே வரும் சொல் ‘தஜஸ்ஸுஸ்’. யூசுப் அத்தியாயத்தில் யஃகூப் நபி (அலை) தம் மக்களிடம், போய் யூசுபைப் பற்றித் தேடி அறியுமாறு கூறும்போது வருவது ‘தஹஸ்ஸுஸ்’. எழுத்தில் ஜீமுக்கும் ஹாவுக்கும் இடையே ஒரு புள்ளிதான் வேறுபாடு. நபிமொழியில் இவ்விரண்டுமே விலக்கப்பட்டிருப்பதால், இவற்றின் எல்லை பற்றி விரிவுரையாளர்கள் பலவாறு பேசியுள்ளனர்.

குடிமக்களின் அந்தரங்கத்தைத் துருவுவது வேறு. போர்க்காலத்தில் பகைவர் நிலையை அறிவது வேறு. அகழ்ப்போரின் கடுங்குளிர் இரவில் (ஹிஜ்ரி 5) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பகைவர் பாசறைக்கு அனுப்பினார்கள். செய்தி அறிந்து வரவேண்டும், பகைவரைக் கிளறிவிடக் கூடாது என்பதே உத்தரவு. அபூ சுஃப்யான் அம்பெய்யும் தொலைவிலேயே இருந்தும் ஹுதைஃபா (ரலி) கையை அடக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அருகிலிருப்பவர் யாரெனப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அபூ சுஃப்யான் எச்சரித்தபோது, முந்திக்கொண்டு பக்கத்திலிருந்தவரின் கையைப் பற்றி ‘நீ யார்?’ என்று கேட்டதும் அவர்களே.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது ஹாத்திப் இப்னு அபீ பல்த்தஆ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. மக்கா வெற்றிக்குச் சற்று முன்னர் (ஹிஜ்ரி 8), முஸ்லிம்களின் திட்டத்தைக் குறைஷிகளுக்கு அறிவித்து அவர் எழுதிய கடிதம், அதைக் கொண்டு சென்ற பெண்ணிடமிருந்து வழியிலேயே கைப்பற்றப்பட்டது. கடிதம் மெய்யானது, எழுதியவர் இன்னார் என்பதிலும் ஐயமில்லை. உமர் (ரலி) தலையைக் கொய்ய அனுமதி கேட்டார்கள். நபிகளாரோ (ஸல்) முதலில் ஹாத்திபை அழைத்து, ‘இது என்ன?’ என்று வினவினார்கள். மக்காவில் தம் குடும்பத்தாருக்குக் காப்பளிக்க உறவினர் எவரும் இல்லை என்று அவர் கூறிய விளக்கம் ஏற்கப்பட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட கடிதத்திற்கும் எழுதியவரின் வாய்மொழி கேட்கப்பட்டது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

பின்வந்த அரசுகளில் அஞ்சல் துறையாகிய ‘பரீத்’ உளவுத் துறையாகவும் இயங்கிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி, எழுத்துகள் ஒரு மொழியில் எத்தனை முறை பயின்று வருகின்றன என்பதை எண்ணி மறையெழுத்தை உடைக்கும் முறையை எழுதி வைத்தார். ஆயினும் நம்மைக் கவர்வது நிஜாமுல் முல்க் தம் ‘சியாஸத் நாமா’வில் கூறும் ஒரு செய்தி. ஸல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸலானிடம், ஏன் செய்தியாளர்களை நியமிக்கவில்லை என்று கேட்கப்பட்டதாம். என் நண்பர்கள் தம் நேர்மையை நம்பிச் செய்தியாளனைப் பொருட்படுத்த மாட்டார்கள்; பகைவர்களோ அவனுக்குப் பொருள் கொடுத்து உறவாடுவார்கள்; ஆக நண்பரைப் பற்றித் தீயனவும் பகைவரைப் பற்றி நல்லனவுமே நாளும் என் காதில் விழும் என்பது அவர் விடையின் சாரம். நிஜாமுல் முல்க் இதை ஏற்கவில்லை. செய்தித் துறை இன்றி ஆட்சி நடவாது என்பதே அவர் முடிவு. நாமும் அமைச்சர் பக்கமே நிற்போம். ஆனால் சுல்தானின் அச்சம் வீணன்று.

இனித் தென்னகத்திற்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி ஹைதர் அலியிடம் பட்ட அடிகளுக்குப் பின்னர், மைசூர் நாட்டுச் செய்திகளைத் திரட்டத் தனி ஏற்பாடு செய்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதை நடத்தினார். 1788இல் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் தாமஸ் மன்றோ. எந்தக் கணவாய் வழியாக எருதுகள் ஏறும், எந்த ஊரில் தீவனம் கிடைக்கும், எந்தப் பாளையக்காரர் மனக்குறை கொண்டிருக்கிறார் என்பன போன்றவையே அவர்கள் தேடிய செய்திகள். 1792இல் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தபோது அதே ரீட் அங்கு வரித் தண்டல் தலைவரானார். மன்றோ அவருக்குக் கீழ் பணியாற்றினார். வேவுக் குறிப்பேடு வரிக் கணக்கேடாக மாறிற்று. அண்ணாசாலையையொட்டிக் குதிரைமேல் வீற்றிருக்கும் மன்றோவின் சிலையைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அவர் உளவுத் துறையில் பயின்றவர் என்பதை அறிவர்? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சி. ஏ. பெய்லி 1996இல் வெளியிட்ட ‘பேரரசும் செய்தியும்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் இந்தியாவில் கம்பெனியின் செய்தித் திரட்டலை விரிவாக ஆராய்கிறது. ஹர்காராக்கள், முன்ஷிகள், செய்தி எழுதுவோர் என இங்கே முன்பே இருந்த வலைப்பின்னலைக் கம்பெனி தன்வயப்படுத்திக்கொண்டது என்பதும், அந்த வலையை முழுதும் புரிந்துகொள்ளாததால் அவ்வப்போது பீதிக்கு ஆளானது என்பதும் அந்நூல் காட்டும் உண்மைகள்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் ஷஹீதானார். அரண்மனையில் அகப்பட்ட பார்சி ஆவணங்களில் ஒரு பகுதி, சென்னையிலிருந்து திப்புவின் வக்கீல்கள் எழுதியவை. வக்கீல் என்றால் அக்காலத்தில் வழக்கறிஞர் அல்லர், அரசரின் தூதர். 1792 உடன்படிக்கையின்படி திப்புவின் மக்கள் இருவர் பிணையாகச் சென்னைக்கு அழைத்து வரப்பட்டபோது, குலாம் அலி கான், அலி ரிளா கான் என்னும் இருவர் உடன் வந்தனர். குலாம் அலி கான் முன்னர் திப்புவின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிள் வரை சென்று வந்தவர். 1794இல் இளவரசர்கள் திரும்பும்வரை இவ்விருவரும் நவாப் முஹம்மது அலி வாலாஜாவையும் அவர் மகன் உம்தத்துல் உமராவையும் சந்தித்துப் பேசியவற்றைத் தம் சுல்தானுக்கு எழுதினர்.

கம்பெனியின் இசைவின்றி வேறு அரசுகளுடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நவாபுடன் 1792இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விதி. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் பார்சி மொழிபெயர்ப்பாளர் எட்மன்ஸ்டன் இக்கடிதங்களை ஆராய்ந்து, சதி நடந்ததாக அறிக்கை தந்தார். பின்னர் 1800இல் ஜோசையா வெப், கர்னல் பாரி குளோஸ் ஆகியோரைக் கொண்ட குழு சாட்சிகளை விசாரித்தது. ஆவணங்களுள் மிகுந்த பரபரப்பை உண்டாக்கியது சங்கேதப் பெயர்களின் பட்டியல். அதில் ஆங்கிலேயர் ‘தாஸா வாரித்’, அதாவது புதிதாக வந்தோர். நிஜாம் ‘ஹேச்’, ஒன்றுமில்லாதவர். மராட்டியர் ‘பூச்’, வெறுமையானோர். நவாபுக்கோ மாந்தரின் நண்பர் என்று பொருள்படும் பட்டம்!

பட்டியலைக் கண்டு ஐயுற்றது தவறென்று நாம் சொல்லவில்லை. நட்பு விசாரிப்புக்குச் சங்கேதம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பெயர்கள் மனப்போக்கைக் காட்டுமேயன்றிச் செயலைக் காட்டா. கடிதங்களில் வரும் ‘அறிந்த அந்த விஷயம்’ என்ற தொடரைக் குழுவினர் மறைவான கூட்டணி என ஐயுற்றனர். அது இரு குடும்பங்களுக்கிடையே திருமண உறவு பற்றிய பேச்சு என்று விளக்கம் தரப்பட்டது. மார்க்க ஒற்றுமை பற்றிய வாசகங்கள் பெரிதுபடுத்தப்பட்டன. பார்சிக் கடித மரபை ஓரளவேனும் கற்றவர்கள், இன்ஷா நடையில் எழுதும் ஒரு முன்ஷி நலம் விசாரிப்பதற்கே உயிரையும் உடைமையையும் அர்ப்பணித்துவிடுவான் என்பதை அறிவார்கள். மேலும், இவை நவாபின் சொற்கள் அல்ல. நவாப் சொன்னதாகத் தூதர்கள் தம் எஜமானரை மகிழ்விக்க எழுதியவை. ஓர் ஒற்றன் கூற்றை இன்னோர் ஒற்றன் வழியே ஒத்துப் பார்க்க வேண்டும் என்ற விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். இரு தூதரும் ஒரே அரசரின் ஊழியர். ஒன்றாகவே வந்து, ஒன்றாகவே எழுதியவர்கள்.

இவ்வாதத்தை வலுவாக முன்வைத்தவர் நவாபின் ஆதரவாளர் அல்லர். ஜேம்ஸ் மில் 1817இல் வெளியிட்ட இந்திய வரலாற்றில் இந்நாட்டு மக்களையும் அரசர்களையும் இகழ்ந்து எழுதியவர். அவரே இந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாக அலசி, சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு கட்டுகிறார். வேண்டாதவர் தரும் சாட்சியத்திற்கு எடை அதிகம்.

கர்நாடகத்தின் ஆட்சியை எடுத்துக்கொள்ளும் எண்ணம் வெல்லெஸ்லிக்குக் கடிதங்கள் கிடைக்குமுன்பே இருந்தது. உம்தத்துல் உமரா இணங்கவில்லை. தேடிக்கொண்டிருந்தவர் கையில் காகிதம் கிடைத்தது. இருந்தும் கிடைத்தவுடன் நவாபை அழைத்து எவரும் ‘இது என்ன?’ என்று கேட்கவில்லை. முஹம்மது அலி 1795இலேயே மறைந்துவிட்டார். உம்தத்துல் உமரா 1801 ஜூலை 15 அன்று சேப்பாக்கம் அரண்மனையில் இறக்கும்வரை அவரிடமிருந்து விளக்கம் பெறப்படவில்லை. அவர் நோயுற்றிருந்தபோதே அரண்மனை வாயில்களில் கம்பெனிப் படை நின்றது. இறந்த பிறகு குற்றச்சாட்டு வாரிசான அலி ஹுஸைனின் முன் வைக்கப்பட்டது. அந்த இளைஞர் ஆட்சியை விட்டுக்கொடுக்க மறுத்தார். உடனே அவருடைய உறவினர் அஸீமுத் தவ்லாவை நவாபாக்கி, 1801 ஜூலை 31 அன்று ஒப்பந்தம் முடித்தனர். நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கு நவாபுக்கு, நாடு கம்பெனிக்கு. அலி ஹுஸைன் மறு ஆண்டே காலமானார்.

இவ்வரலாற்றை நம்மவர் பார்வையில் அறிய வழி வகுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார். புர்ஹான் கான் எழுதிய ‘துஸுகே வாலாஜாஹி’யை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934இலும் 1939இலும் இரு பாகங்களாகப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. எட்மன்ஸ்டனின் ஆங்கிலத்தை நம்பியே வக்கீல்களின் கடிதங்களைப் பேசிவரும் நிலை மாற வேண்டுமானால், மூலத்தை வாசிக்கும் கண்கள் வேண்டும். அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் குலிஸ்தானும் போஸ்தானும் குறுகிக்கொண்டே வருவதைக் காணும்போது, அத்தகையோர் எங்கிருந்து வருவர் என்ற கவலை நமக்கு எழுகிறது.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. இல்லாத சதியைக் காகிதத்தில் கண்ட அதே அரசு, ஐந்தாண்டுகளில் இருந்த சதியைக் காணத் தவறியது. 1806 ஜூன் மாதம் வேலூர்க் கோட்டையில் முஸ்தஃபா பேக் என்னும் சிப்பாய், கிளர்ச்சிக்கு ஏற்பாடு நடப்பதாகத் தம் படைத்தலைவர் ஃபோர்ப்ஸிடம் சொன்னார். ஃபோர்ப்ஸ் சிப்பாய்ப் படையின் இந்திய அதிகாரிகளிடமே அதை விசாரிக்க விட்டார். அவர்களோ, முஸ்தஃபாவுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்றனர். செய்தி சொன்னவருக்கு விலங்கு பூட்டப்பட்டது. ஜூலை 10 அன்று விடியுமுன் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. எழுச்சி அடங்கிய பின் முஸ்தஃபா பேகுக்குப் பரிசு வழங்கினர். கோட்டையிலிருந்த திப்புவின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் 1807இல் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார்.