எஞ்ஜின் விளக்கின் வரலாறும் எமது பழைய கார்களும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் விலையும் வரியும் சாதாரண குடும்பத்துக்கு எட்டவில்லை. அதனால் 25, 30 வருடம் ஓடிய நிசான் சனியும் கொரோல்லாவும் இன்றும் எமது ஊர்களில் பிள்ளைகளை ஏற்றுகின்றன, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகின்றன.

அந்தக் கார்களில் மஞ்சள் எஞ்ஜின் விளக்கு எரிந்தால் உடனே கேட்கும் வார்த்தை, “சென்சர் போயிட்டு, மாத்தணும்.” பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சென்சர் ஒன்றை எடுத்து மாட்டுகிறோம். இரண்டு நாளில் அதே விளக்கு. பிறகு இன்னொரு சென்சர். இப்படியே சம்பளம் கரைந்த வீடுகள் பல. அந்த விளக்கு எதற்காக வந்தது என்று தெரிந்தால் இந்தச் செலவு பல வேளைகளில் தேவைப்படாது.

முதலில் சென்சர் இல்லாத காலம். மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் எமது வீதிகளில் ஓடிய நாட்களில், மின்சாரம் என்றால் பற்றரி, டைனமோ, கொயில், பொயின்ட், சில வயர்கள், அவ்வளவுதான். பாஸ்மாரின் கருவி ஒரு பல்பும் இரண்டு வயரும். அன்றைய பல பிரித்தானியக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால் எந்தக் காரைத் தொட்டாலும் எர்த் எங்கே போகிறது என்பதை முதலில் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது.

சென்சர் பிறந்தது வேறொரு பிரச்சினையால். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு வாகனப் புகை ஒரு முக்கிய காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டினார். 1970இல் அந்நாட்டில் கடுமையான காற்றுச் சட்டம் வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கருவி சரியாக வேலை செய்ய, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற அளவு தவறக்கூடாது. காபரேட்டரால் அந்தளவு துல்லியம் முடியாது. 1967இலேயே வொக்ஸ்வேகன் காரில் பொஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் முறை வந்திருந்தது. 1976இல் வொல்வோ காரில் ஒட்சிசன் சென்சரும் சேர்ந்தது.

ஆனால் சென்சர் பழுதானால் சாரதிக்குத் தெரியாது. கார் ஓடும், புகையும் கக்கும். ஆகவே கலிபோர்னியா மாநிலம் 1988 மொடல்களிலிருந்து, கார் தன்னைத் தானே சோதித்து விளக்கு ஏற்ற வேண்டும் என்று விதித்தது. 1996இல் அமெரிக்காவின் எல்லாக் கார்களுக்கும் ஒரே சொக்கட், ஒரே குறியீட்டு முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு அது 2001இல் வந்தது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின் எமக்கு வந்து குவிந்தவை ஜப்பான் கார்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் வழியில் செய்தது. பழைய டொயோட்டாவில் பொனட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற துளைகளை ஒரு வயரால் இணைத்து, எஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணினால் விளக்கு சிமிட்டும். எண்ண வேண்டியதுதான்: 21 ஒட்சிசன், 22 தண்ணீர் வெப்பநிலை, 41 த்ரொட்டில். நிசானில் கொம்பியூட்டர் பெட்டியிலேயே சிறு விளக்கு. 55 வந்தால் பதிவான கோளாறு இல்லை. 16 துளை சொக்கட் இருந்தும் மலிவு ஸ்கேனர் சில ஜப்பான் கார்களோடு பேசாததற்கும் இந்த வரலாறுதான் காரணம்.

முக்கியமான விடயம் இதுதான். அந்த எண் பழுதான பொருளின் பெயரைச் சொல்வதில்லை. எந்தப் பாதையில் கோளாறு என்று மட்டும் சொல்கிறது. பாதையில் சென்சர், பிளக், வயர், எர்த் எல்லாம் உண்டு. உதாரணமாக, டொயோட்டாவின் தண்ணீர் சென்சர் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும். 80 பாகையில் 200 முதல் 400 வரை இறங்கும். கடற்காற்றில் பிளக் பச்சை பூத்தால் தடை கூடும். எஞ்ஜின் இன்னும் குளிராக இருக்கிறதென்று கொம்பியூட்டர் நினைத்து பெற்றோலைக் கூட்டும். கரும்புகை வரும், ஒட்சிசன் சென்சர் கரி படியும். கடைசியில் நாம் மாற்றுவது ஒட்சிசன் சென்சரை!

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பற்றரி. ஓய்வில் 12.6 வோல்ட் அளவு, எஞ்ஜின் ஓடும்போது 14 அளவு.

2. எர்த். மீட்டரின் ஒரு முனை பற்றரி மைனஸில், மறுமுனை எஞ்ஜின் உடலில். ஸ்டார்ட் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

3. பியூஸ், பிளக். பச்சை, தளர்வு, எலி கடித்த இடம்.

4. எண்ணை எழுதி வைத்து, அழித்து, ஓடிப் பாருங்கள். திரும்பி வருகிறதா?

5. அதன் பிறகே சென்சரை அளந்து, தேவையென்றால் வாங்குங்கள்.

எயார்பேக்கின் மஞ்சள் வயர்களை வீட்டில் தொடவே வேண்டாம். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்ஜினை நிறுத்துங்கள்.

இந்த வரிசையில் முதல் மூன்றும் மொரிஸ் மைனர் காலத்துப் பாஸ்மார் பார்த்தவையே. அவர்களில் பலர் கராஜை மூடிவிட்டார்கள். அவர்கள் அறிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஸ்கேனரோடு தொழில் பழகும் எமது பிள்ளைகளுக்கு அது தேவை. உங்கள் வீட்டில், அயலில் அப்படி ஒரு நானா இருந்தால் ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். அவர் சொல்வதைக் கீழே பதியுங்கள். இன்ஷா அல்லாஹ், தொகுத்துப் பாடசாலை நூலகத்தில் வைப்போம்.