மோடல் சட்டம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 1996-இல் இயற்றிய சட்டம். வரிப்பணத்தில் நடக்கும் அரங்கில் ஆடி, அரசு உதவியும் பெறும் தொழில்முறை அணியை அதன் உரிமையாளர் நினைத்தபடி வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்றது அது. உள்ளாட்சியின் சம்மதம் வேண்டும்; இல்லையேல் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அதற்குள் அணியை வாங்க உள்ளூர்க்காரர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். என்ன விலைக்கு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதன் பெரிய ஓட்டை இதுதான்.

சட்டத்துக்கு இந்தப் பெயர் வந்தது, ஒஹாயோவின் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை 1961-இல் வாங்கிய ஆர்ட் மோடலால். அணி பால்டிமோருக்குப் போகிறது என்று 1995 நவம்பர் 6 அன்று அவர் அறிவித்தார். மறுநாளே, அரங்கைப் புதுப்பிக்க மது, சிகரெட் வரியை நீட்டிப்பது பற்றிய வாக்கெடுப்பு. மக்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள், மோடல் அசையவில்லை. டிசம்பர் 17 அன்று உள்ளூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் பிரவுன்ஸ் சின்சினாட்டியை 26-10 என வென்றது. அரங்கின் ‘டாக் பவுண்ட்’ பகுதி ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து மைதானத்தில் வீசினார்கள். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் சிலர் அங்கே போய் அவர்களைக் கட்டிக்கொண்டார்கள்.

கிளீவ்லாந்துக்கு அப்போது கைகொடுத்தது இந்தச் சட்டமல்ல, 1998 வரை இருந்த அரங்கக் குத்தகை. அதைக் காட்டி நகராட்சி வழக்குத் தொடுத்தது. 1996 பிப்ரவரியில் சமரசம் ஆனது: அணியின் பெயர், நிறங்கள், சாதனைப் பதிவுகள் கிளீவ்லாந்துக்கே, வீரர்களுடன் மோடல் பால்டிமோரில் ‘ரேவன்ஸ்’ அணியைத் தொடங்கலாம். 1999-இல் புதிய அரங்கில் பிரவுன்ஸ் மீண்டும் ஆடியது. பால்டிமோருக்கு இந்த வலி புதிதல்ல. 1984-இல் அதன் கோல்ட்ஸ் அணி இரவோடிரவாக லாரிகளில் மூட்டைகட்டி இண்டியானாபொலிஸ் போனபோது பெயரும் கூடவே போயிற்று.

சட்டம் களமிறங்கியது 2018-இல்தான். ஒஹாயோவின் கொலம்பஸ் குரூ கால்பந்து அணி ஆஸ்டினுக்குப் போகக்கூடும் என்ற பேச்சு முந்தைய ஆண்டே கிளம்பியிருந்தது. ரசிகர்கள் தெருவில் திரண்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரலும் நகராட்சியும் மோடல் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். இறுதித் தீர்ப்புக்கு முன்பே, பிரவுன்ஸின் அன்றைய உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பம் வேறு சிலருடன் சேர்ந்து அணியை வாங்கிக் கொலம்பஸிலேயே நிறுத்தியது. ஆஸ்டினுக்குப் புதிய அணி கிடைத்தது.

அதே ஹாஸ்லம் குடும்பம் பிறகு பிரவுன்ஸை நகரத்தை விட்டுப் புறநகரான புரூக் பார்க்குக்கு மாற்ற முனைந்தது. 2024-இல் மோடல் சட்டத்தையே எதிர்த்து நீதிமன்றம் போனது. மாநிலத்தை விட்டே வெளியேறும் அணிகளுக்கு மட்டும் பொருந்தும்படி, 2025-இல் சட்டமன்றம் அதைச் சுருக்கிவிட்டது.