கோழி முட்டையை நிறுத்தினால் கூட்டைப் பாருங்கள்

இரத்மலானை போன்ற நெருக்கமான இடங்களில் வீட்டு வளவில் வளரும் கோழி முட்டையை நிறுத்தியதும் அதைக் கறிக்கு அனுப்பிவிடாதீர்கள். பயமும் வெப்பமும் காரணமாக இருக்கலாம்.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணித்தியாலம் செல்லும். அதில் சுமார் 20 மணித்தியாலம் கோது உருவாவதற்கே. அந்நேரத்தில் நாய் துரத்தினாலோ பட்டாசு வெடித்தாலோ கோழி முட்டையை உள்ளே தாமதிக்கும். கோது சுருங்கியோ வெண்மை படிந்தோ வரும். வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் தீன் குறைந்து மூச்சிரைக்கும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதால் கோது மெலியும்.

நிழல், குளிர்ந்த தண்ணீர், மரநாய் நுழையாத கூடு, இருட்டான முட்டைப் பெட்டி ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். இறகு உதிரும்போதும் அடைகாக்கும்போதும் முட்டை நிற்பது இயல்பு. சோர்வோ கழிச்சலோ இருந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.