விடுகதை (சிறுவர் சொற்புதிர்)

விடுகதை என்பது பொருளை மறைத்துச் சொல்லி, விடையைக் கேட்பவரிடமிருந்து வரவழைக்கும் வாய்மொழி வடிவம். தொல்காப்பியச் செய்யுளியல் இதனைப் ‘பிசி’ என்று வகைப்படுத்துகிறது. தென்மாவட்டங்களில் சில இடங்களில் ‘அழிப்பான் கதை’ என்றும், ஈழத்தில் ‘நொடி’ என்றும் வழங்கும். விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி போன்ற கரிசல் ஊர்களில் தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு ஏற்ற விடுகதைகளுக்கு வயலும் அடுப்படியும் பட்டாசும் கருப்பொருளாகும்.

வகைகள்

1. உவமைப் புதிர்: ஒரு பொருளை மற்றொன்றாக உருவகித்துக் கேட்பது.

2. எழுத்துப் புதிர்: நான்கெழுத்துச் சொல், முதல் மூன்றும் சேர்ந்தால் நில உரிமை ஆவணம், முதலும் கடைசியும் சேர்ந்தால் பால் தரும், முழுச்சொல் தீபாவளிக்கு வெடிக்கும். விடை: பட்டாசு (பட்டா, பசு).

3. இருபொருள் புதிர்: ஆறு, மாலை, திங்கள், படி போன்ற பலபொருள் சொற்களை வைத்துக் கேட்பது. ‘தண்ணீர் ஓடும் எண் எது?’ என்றால் விடை ஆறு.

4. மாலைமாற்று: விகடகவி, மேளதாளமே என இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் சொற்களைக் கண்டறிவது.

5. ஏமாற்றுக் கணக்கு: மரத்தில் பத்துக் குருவிகள், கீழே ஒரு வெடி வெடித்தால் மீதி எத்தனை? ஒன்றுமில்லை; சத்தத்தில் எல்லாம் பறந்துவிடும்.

பயன்

எழுத்துப் புதிர், மெய்யெழுத்தையும் தனியாக எண்ணப் பழக்குகிறது. இருபொருள் புதிர் சொல்வளம் தருகிறது. ஏமாற்றுக் கணக்கோ, கேள்வியை முழுதாகக் கேட்ட பின்பே விடை சொல்லும் பொறுமையை வளர்க்கிறது. செலவின்றி எந்தத் திண்ணையிலும் நடத்தக்கூடிய இந்த மொழிப்பயிற்சி, வகுப்பறையிலும் தொடர்ந்து போற்றத்தக்கது.