ஆரமும் பரப்பும்: தகவல் வரைபடங்களில் அளவு நேர்மையின் வரலாறு

தகவல் வரைபடங்களின் வரலாற்றை எழுதுவோர் பலர், எந்தப் படத்தை யார் முதலில் வரைந்தார் என்பதோடு நின்றுவிடுகின்றனர். படத்தில் தெரியும் அளவும் எண் சொல்லும் அளவும் ஒன்றுதானா என்ற கேள்வி எப்போது எழுந்தது என்பதே அதைவிட முக்கியம் என்று கருதுகிறேன்.

வில்லியம் பிளேஃபேர், ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர். வணிகக் கணக்குகளை அவர் படங்களாக்கி 1786இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அதிலிருந்த 44 படங்களில் ஒன்றே ஒன்றுதான் பட்டை விளக்கப்படம். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு ஓர் ஆண்டுக் கணக்கு மட்டுமே கிடைத்ததால், காலப்போக்கைக் காட்டும் கோடு வரைய வழியில்லாமல், அது வணிகம் செய்த 17 இடங்களுக்கும் பட்டைகள் வரைந்தார். தரவுப் பற்றாக்குறையில் பிறந்த வடிவம் அது. 1801இல் வட்ட விளக்கப்படமும் அவர் கையில்தான் பிறந்தது. நீளத்தை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது; வட்டத்தின் பரப்பை ஒப்பிடுவது கடினம். சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

அதை நேருக்கு நேர் சந்தித்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் ஸ்குட்டாரி மருத்துவமனையில் பணியாற்றித் திரும்பியவர், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரின் துணையோடு படையினரின் இறப்புக் கணக்கைத் தொகுத்தார். 1855 ஜனவரி மாதக் கணக்கு ஒன்றே போதும்: தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர், போர்க்காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். வீரர்களைக் கொன்றது எதிரியின் குண்டைவிடச் சாக்கடையும் அழுக்கும்தான் என்பதை அட்டவணை படிக்கப் பொறுமையில்லாத அமைச்சர்களுக்கு அவர் உணர்த்த வேண்டியிருந்தது.

மையத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களும் விரியும் படத்தை வரைந்தார். முதல் வடிவத்தில் இறப்பு வீதத்தை ஆரத்தின் நீளமாகக் குறித்தார். ஆனால் பார்ப்பவரின் கண் நீளத்தில் நிற்காது, நிறம் தீட்டிய பரப்பில்தான் விழும். வேறுபாடு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். தன் வாதத்துக்குச் சாதகமான பிழை அது. அப்படியே விட்டிருக்கலாம். அவரோ பிழைத்திருத்தச் சீட்டு சேர்த்தார். பின்னர் பரப்பே அளவாக அமையும்படி ஆப்பு வடிவில் புதிதாக வரைந்தார். நீலம் தொற்றுநோய், சிவப்பு காயம், கறுப்பு பிற காரணங்கள். 2,761 என்பது 83ஐப் போல் 33 மடங்கு. திருத்திய முறையில் ஆரம் ஏறத்தாழ 5.8 மடங்குதான் நீளும். முதல் முறையில் ஆரமே 33 மடங்கு நீண்டு, பரப்பு ஆயிரம் மடங்கைத் தாண்டியிருக்கும். அந்த நீல ஆப்புகளைவிட இந்தத் திருத்தத்தையே நான் அவருடைய பெருஞ்சாதனையாக மதிக்கிறேன்.

அடுத்த அடியை வியன்னாவில் ஓட்டோ நொய்ராத் எடுத்துவைத்தார். 1925இல் திறக்கப்பட்ட சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தில், வீட்டுவசதி, நலவாழ்வு பற்றிய கணக்குகளைத் தொழிலாளர்களுக்குப் புரியவைப்பது அவர் வேலை. இரு மடங்கு ஆட்களைக் காட்ட ஓர் உருவத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், அகலமும் சேர்ந்து வளர்ந்து பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே உருவத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு என்று விதி வகுத்தார். நைட்டிங்கேலுக்குத் தேவைப்பட்ட வர்க்கமூலக் கணக்கு இங்கே தேவையில்லை. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். தரவிலிருந்து எதைக் காட்டுவது என்று தேர்ந்தவர் மேரி ரைடெமைஸ்டர். உருவங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். 1934இல் அரசியல் நெருக்கடியால் ஹேக் நகருக்குப் பெயர்ந்த பிறகு இம்முறை ஐசோடைப் என்ற பெயர் பெற்றது.

நம் பள்ளிக் கணிதப் பாடநூலில் குழந்தைகள் வரையும் பட விளக்கப்படத்திலும் இதே விதிதான்: ஒரு படத்துக்கு இத்தனை என்று முதலில் குறித்துவிட்டு, அதே அளவுப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறார்கள். ஆனால் கைப்பேசியில் வரும் படங்கள் பலவற்றில் நொய்ராத் விலக்கிய ஊதிப் பெருத்த உருவங்களே திரும்பி வந்திருக்கின்றன. அடுத்தமுறை ஒரு பெரிய உருவமும் சிறிய உருவமும் அருகருகே நின்றால், கீழே அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பாருங்கள்.