லோர்னா டூன்: ஒரு நாவலும் எக்ஸ்மூர் மேட்டுநிலமும்

ஆங்கில எழுத்தாளர் ஆர். டி. பிளாக்மோரின் புகழ்பெற்ற காதல் நாவல் 'லோர்னா டூன்'. 1869இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கதை நடக்கும் காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. களம், இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன், சாமர்செட் எல்லையில் கிடக்கும் எக்ஸ்மூர் மேட்டுநிலம். மரங்கள் அருகிய புல்வெளி, ஹெதர் புதர்கள், கால் வைத்தால் இழுக்கும் சேற்றுப் பள்ளங்கள், ஓக் காடு மண்டிய குறுகிய பள்ளத்தாக்குகள், செம்மான்கள், மட்டக்குதிரைகள்: இவையே அந்த நிலம்.

பிளாக்மோர் 1825இல் பார்க்ஷயரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். அவருடைய தாத்தா எக்ஸ்மூரிலுள்ள 'ஓர்' என்னும் சிற்றூர்த் தேவாலயத்தின் பங்குக்குருவாக இருந்தவர். அந்த உறவின் வழியாகத்தான் அந்நிலமும், அங்கு வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த டூன் கொள்ளையர் கதைகளும் அவருக்கு அறிமுகமாயின. டிவர்ட்டனின் பிளண்டெல்ஸ் பள்ளியில் படித்தார். கதைநாயகன் ஜான் ரிட்டையும் அதே பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெற்று வழக்கறிஞரானவர், வலிப்பு நோயால் அத்தொழிலை விட்டு, லண்டனை ஒட்டிய டெடிங்டனில் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட்டார். எக்ஸ்மூரின் கதை எழுதப்பட்டது அந்தத் தோட்டத்து வீட்டில்தான்.

ஜான் ரிட் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. தந்தையை டூன்கள் கொன்றுவிடுகிறார்கள். தாய்க்கு மீன் பிடித்துவரச் சென்ற சிறுவன், பேட்ஜரி ஓடையின் வழுக்குப் பாறையில் எதிரேறிப் போய் டூன்களின் பள்ளத்தாக்குக்குள் சேர்கிறான். அங்கே சிறுமி லோர்னாவைக் காண்கிறான். ஆண்டுகள் கழித்து, கடும் பனிக்காலம் ஒன்றில் கொள்ளையரின் காவல் முடங்கிப்போக, பனிக்காலணி அணிந்து சென்று அவளை மீட்டுவருகிறான். இறுதியில் கொடியவன் கார்வர் டூனைச் சேற்றுக்குழி விழுங்குகிறது. ஓடை சேர்த்து வைக்கிறது, பனி விடுவிக்கிறது, சேறு கணக்குத் தீர்க்கிறது. கதையின் பெரிய திருப்பங்களை எல்லாம் அந்த நிலமே நிகழ்த்துகிறது. நாவலின் வலு முழுவதும் இதில் இருப்பதாகவே கருத வேண்டும். லோர்னாவின் உயர்குடிப் பிறப்பு வெளிப்படும் லண்டன் பகுதிகள் இதற்கு ஈடாகவில்லை.

வரலாறும் உள்ளே வருகிறது. 1683–84இன் கொடும் உறைபனி உண்மையில் நேர்ந்தது. மன்மத் கோமகனின் 1685ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும், அதை முடித்துவைத்த செட்ஜ்மூர் போரும், நீதிபதி ஜெஃப்ரீஸும் கதையில் இடம்பெறுகின்றனர். டூன்கள் மட்டும் செவிவழிக் கதைக்கும் கற்பனைக்கும் நடுவே நிற்பவர்கள். அவர்களைப் பற்றிய மரபுக் கதைகள் நாவலுக்கு முன்பே அச்சேறியிருந்தாலும், அப்படி ஒரு கொள்ளைக் குடும்பம் இருந்ததற்கு அக்கால ஆவணங்களில் உறுதியான சான்று கிட்டவில்லை. இதை வரலாற்று நாவலாகக் கொள்ள வேண்டாம் என்று பிளாக்மோர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

முதற்பதிப்பு 500 படிகள். அவையும் மெதுவாகவே விற்றன. ஒரே தொகுதியாக மலிவு விலையில் வந்த பிறகுதான் நூல் பரவியது. 1871இல் விக்டோரியா அரசியின் மகள் லூயிஸ், லோர்ன் பிரபுவை மணந்தார். அந்தப் பெயர் ஒற்றுமை வாசகரின் ஆவலைத் தூண்டியது என்பது நெடுங்காலமாக வழங்கும் விளக்கம். அதன்பின் நூலுக்குப் பதிப்புகள் பெருகின. 1922, 1934, 1951ஆம் ஆண்டுகளில் திரைப்படங்களும் வந்தன. நாவலுக்குப் பிறகே லோர்னா என்ற பெயரைப் பெண் குழந்தைகளுக்கு இடும் வழக்கம் பரவியது.

வாசகர்கள் நூலோடு எக்ஸ்மூருக்கு வரத் தொடங்கியதும் நிலமே நாவலின் சாயலைப் பெற்றது. பேட்ஜரி ஓடையோரப் பகுதிக்கு டூன் பள்ளத்தாக்கு என்ற பெயர் நிலைத்தது. மாம்ஸ்மீடில் ஒரு பண்ணை லோர்னாவின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஓடைக்கு மேலே கிடக்கும் கல் அடித்தளங்களை டூன்களின் வீடுகள் என்றே பலர் நம்பினர். உண்மையில் அவை இடைக்காலத்தில் கைவிடப்பட்ட ஓர் ஊரின் எச்சங்கள். திருமண நாளில் லோர்னா சுடப்படும் இடம் 'ஓர்' தேவாலயம். கார்வர் சுட்டது இந்தச் சன்னல் வழியாகத்தான் என்று அங்கே வருவோருக்குக் காட்டுகிறார்கள்.

நாவலில் அச்சுறுத்தும் நீர்ச்சரிவைத் தேடிப்போனவர்கள் மட்டும் ஏமாந்தார்கள். லாங்க் கூம் பக்கம் உள்ளது சிறிய வழுக்கு ஓட்டம்தான். நூல் இவ்வளவு காலம் நிலைக்கும் என்று தெரிந்திருந்தால் வருணனையை உண்மைக்கு இன்னும் நெருக்கமாக வைத்திருப்பேன் என்ற பொருளில் பிளாக்மோர் பின்னாளில் எழுதினார். அவர் அப்படிச் செய்யாதது நூலுக்கு நன்மையே. பயந்த சிறுவனின் கண்ணுக்கு அந்தப் பாறை அவ்வளவு உயரமாகத்தான் இருந்திருக்கும்.

பிளாக்மோர் 1900இல் இறந்து டெடிங்டனில் அடக்கமானார். எக்ஸ்மூர் 1954இல் தேசியப் பூங்காவானது. நாவலின் நூற்றாண்டான 1969இல் பேட்ஜரி ஓடைக்கரையில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது.